தொலைந்த கைப்பேசியை முடக்குவது எப்படி? சேலத்தாருக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சட்டைப்பையிலிருந்து நழுவிய கைப்பேசியை, ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கிய பிறகுதான் பலரும் தேடத் தொடங்குகிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் போனிலிருந்து அழைத்தால் ‘சுவிட்ச் ஆஃப்’ என்று வருகிறது. மறுநாள் பழைய எண்ணுக்குப் புதிய சிம் வாங்கிக்கொண்டு அத்துடன் விட்டுவிடுவதே வழக்கம். கருவியோ வேறு சிம்முடன் வேறு ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கும்.

கருவியையே முடக்கும் வசதியைப் பொதுமக்கள் நேரடியாகப் பயன்படுத்துவதற்காக, மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே 16 அன்று ‘சஞ்சார் சாத்தி’ என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அதன் செயலியும் வந்தது. எல்லாப் புதிய போன்களிலும் இந்தச் செயலி முன்கூட்டியே இருக்க வேண்டும் என்ற உத்தரவு 2025 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டதால், செயலியை நிறுவுவது அவரவர் விருப்பம். இணையதளம் வழியாகவே இங்கு சொல்லும் வேலைகளை முடித்துவிடலாம். கட்டணம் எதுவும் இல்லை.

முடக்கம் ஐஎம்இஐ என்னும், கருவிக்கே உரிய 15 இலக்க எண்ணை வைத்து நடக்கிறது. இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் உண்டு. இரண்டையுமே கொடுக்க வேண்டும். போன் கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்தினால் அவை திரையில் தெரியும். போன் வந்த அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளிலும், பெரும்பாலும் கடை பில்லிலும் இருக்கும். அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டவர்கள், இதை வாசித்து முடிப்பதற்குள் எண்களைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ரசீதைப் பெற வேண்டும். புதிய பேருந்து நிலையத்தில் தொலைத்தவர் மாநகரக் காவலிடமும், ஏற்காட்டில் தொலைத்தவர் மாவட்டக் காவலின் கீழ் வரும் ஏற்காடு நிலையத்திலும் புகார் செய்ய வேண்டியிருக்கும். இரண்டும் வெவ்வேறு நிர்வாகங்கள் என்பதால், எங்கே தொலைந்தது என்பதைத் தெளிவாகச் சொன்னால் வீண் அலைச்சல் மிச்சமாகும். அடுத்து அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்க வேண்டும், ஏனெனில் விண்ணப்பத்தை உறுதிசெய்யும் ஓடிபி குறுஞ்செய்தியாகத்தான் வரும். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்: புதிதாகக் கொடுத்த சிம்மில் குறுஞ்செய்தி வசதி முதல் 24 மணி நேரத்துக்கு இயங்காமல் இருக்கலாம். ஓடிபி வரவில்லை என்று தளத்தைத் திட்டாமல் ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில் வங்கிக்கும் யுபிஐ செயலிக்கும் தகவல் சொல்லிவிடலாம்.

பிறகு தளத்தில் ஐஎம்இஐ எண்கள், போனின் நிறுவனம், மாடல், தொலைந்த இடம், தேதி, புகார் எண் ஆகியவற்றை நிரப்பி, புகார் நகலையும் கடை பில்லையும் பதிவேற்றினால், ஒரு கோரிக்கை எண் கிடைக்கும். 24 மணி நேரத்துக்குள் நாட்டின் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் அந்த விவரத்தைக் கொண்டு காவல்துறை தேட முடியும். ஆனால் முடக்கிய போனில் வைஃபை தடைபடாது, உள்ளே இருக்கும் படங்களும் அழிவதில்லை. போன் திரும்பக் கிடைத்தால், அதே கோரிக்கை எண்ணைக் கொண்டு முடக்கத்தை நாமே நீக்கக் கோர வேண்டும். இதை மறந்துவிட்டு, ‘போன் ரிப்பேர்’ என்று கடைக்குக் கொண்டு செல்பவர்களும் உண்டு.

பழைய போன் வாங்குபவர்களுக்கும் இந்த வசதி பயன்படும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தக் கருவியின் நிலை பதிலாக வரும். முடக்கப்பட்டது, போலி அல்லது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இதே தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம்கள் ஓடுகின்றன என்பதையும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். மீறினால் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அதன் பின் 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். பட்டியலில் எண்கள் முழுமையாகத் தெரியாது. சில இலக்கங்கள் மறைந்திருக்கும். வீட்டுப் பெரியவரின் ஆதாரைக் கொடுத்துக் குடும்பம் முழுவதற்கும் சிம் வாங்கும் பழக்கம் காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலும் நகரத்திலும் ஒன்றுபோலவே இருப்பதால், தெரியாத எண் என்று நினைத்து ‘என் எண் அல்ல’ என்பதை அழுத்தும் முன் வீட்டில் எல்லோரையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். வெளியூரில் படிக்கும் மகளின் இணைப்பு துண்டிக்கப்பட்டால், அதை மீட்க அவரல்ல, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அடையாளச் சான்றோடு போய் நிற்க வேண்டும்.