வியர்த்துக்கொண்டே விழுகிற பிள்ளைகள்

ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உடம்பு உள்ளே கொதித்து மூளையைக் குழப்புகிற வெப்பத் தாக்கு, என்று இந்த வருசத்தில் என்னிடம் வந்ததில் இது மூன்றாவது பிள்ளை. பதினாறு வயது. மாகாண மட்டப் போட்டிக்குப் பயிற்சி, பின்னேரம் இரண்டரை மணிக்குக் கிரவல் றோட்டில் 5000 மீற்றர். ஓட்டோவில் மடியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். காலுறை முழுக்கச் செம்மண், பெனியன் பிழியலாம் போல வியர்வை. "எந்த இல்லமடா நீ?" என்று கேட்டேன். சிவப்புப் பெனியனோடு கிடந்தவன் நீலம் என்றான். குதவழி பார்த்த வெப்பநிலை 41 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தது.

கூட வந்த மாஸ்டர் சொன்னார்: "காலமை சாப்பிடேல்லை டொக்டர், சுகர் இறங்கியிருக்கும். வெயில் அடிச்சதெண்டால் வியர்வை நிண்டிருக்குமே. இவனுக்கு ஆறாய் ஓடுது."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தோல் காய்ந்து கொதிக்கும் என்பது பெரும்பாலும் கடும் வெயில் காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற வயோதிபரின் கதை. ஓடுகிற பிள்ளைக்கு உள்ளே 41 ஏறியிருக்கும்போதும் வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கும். நெற்றியைத் தொட்டால் சில்லென்றுகூட இருக்கும். நெற்றியை நம்பாதீர்கள், கமக்கட்டுத் தேர்மோமீற்றரையும் நம்பாதீர்கள். பேச்சைக் கவனியுங்கள். தடுமாறுகிறானா, காரணமில்லாமல் சண்டை பிடிக்கிறானா, சொந்த இல்லத்தின் நிறம் தெரியவில்லையா? அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுங்கள். சுகரைப் பிறகு நாங்கள் பார்க்கிறோம்.

வைத்தியர்களையே இந்த வியர்வை குழப்பியிருக்கிறது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மரதனில், சுவிற்சர்லாந்தின் கப்ரியேலா அண்டர்சன்-ஷீஸ் ஒரு பக்கம் சாய்ந்து இழுபட்டபடி அரங்குக்குள் வந்தார். வியர்க்கிறது, ஆகவே பரவாயில்லை என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். கடைசிச் சுற்றுக்கு 5 நிமிடத்துக்கு மேல் எடுத்து, 37ஆவதாக முடித்துச் சரிந்தார். அவர் தப்பியது அதிர்ஷ்டம். அந்த வீடியோவைத்தான் எங்கள் பயிற்றுநர்கள் "விடாமுயற்சி" என்று பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்! காட்டுவதென்றால் 1954 வன்கூவர் பொதுநலவாயப் போட்டியையும் காட்டுங்கள். இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் 17 நிமிடம் முன்னுக்கு வந்து அரங்கில் நுழைந்தார். விழுந்து விழுந்து எழும்பியும் முடிவுக்கோட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் போட்டியில் ஓடவுமில்லை.

பிள்ளை விழுந்தால் முதலில் குளிரவைப்பு, பிறகுதான் வாகனம். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 1990 அம்புலன்ஸுக்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் பிள்ளையைக் கழுத்தளவுக்குத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கித் தலையைத் தாங்கிப் பிடியுங்கள். தொட்டி இல்லையா, பவுசர் குழாயைத் திறந்துவிடுங்கள். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி நனைத்த சீலையில் சுற்றி உடம்பு முழுக்க மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் அரை மணித்தியாலம் உங்கள் கையில்தான் இருக்கிறது, என் கையில் இல்லை. அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட ஒரு வாளி தண்ணி ஊற்றப்பட்டிருக்கவில்லை. சோடா பருக்கியிருந்தார்கள், கையில் சாவிக்கொத்துக் கொடுத்திருந்தார்கள், பனடோல்கூட. மயக்கத்தில் இருக்கிற வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும்.

ஓடும்போது தண்ணி குடித்தால் வயிறு பிடிக்கும் என்பதையும் தயவுசெய்து விடுங்கள். தாகத்துக்குக் குடிக்கட்டும். சித்திரை வெயிலில் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு வையுங்கள். புதிதாய் ஓட வருகிறவருக்கு இரண்டு கிழமையாவது கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டுங்கள். காய்ச்சல், வயிற்றோட்டம் என்று கிடந்த பிள்ளையை அந்தக் கிழமை ஓடவிடாதீர்கள். அம்மாமாரே, மாஸ்டர் கோபிப்பார் என்று அதை மறைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

விளையாட்டுப் போட்டி அழைப்பிதழோடு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் தொட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். போன கிழமை ஒரு அதிபர் சிரித்தார். "மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி ஒண்டு கிடக்கு டொக்டர், காணுமோ?"

தாராளமாய்க் காணும் சேர். கழுவிவிட்டு, நிரப்பி, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.