குதிரை இல்லாத தேரில் குதிரை எங்கே?

பொம்மை விளம்பரங்கள் பிள்ளைகளின் கற்பனை விளையாட்டை என்ன செய்கின்றன, பொருளாசையைத் தூண்டுகின்றனவா? விடை தேடுமுன் ஒரு பழைய விளையாட்டைப் பார்ப்போம். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. குதிரை பிள்ளையின் மனசுக்குள் இருந்தது. இன்றும் கோடையில் டெல்டா கிராமங்களில், நுங்கு எடுத்த காலிக் காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். அது கும்பகோணம் பஸ்ஸா, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரா என்பதை ஓட்டுகிற பிள்ளைதான் முடிவு செய்கிறது. ஹாரனும் அதன் வாயில்தான்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில் இதை விளக்கினார். சின்னக் குழந்தைக்குப் பொருளும் அதன் அர்த்தமும் ஒட்டியே இருக்கும். குச்சியில் ஏறிக் 'குதிரை' ஓட்டும்போது குதிரை என்ற எண்ணம் நிஜக் குதிரையை விட்டுக் கழன்று குச்சிக்கு வந்துவிடுகிறது. கண் காண்பது ஒன்று, மனம் நடத்துவது வேறொன்று. கண்ணுக்குத் தெரியாததை வைத்து யோசிக்கிற திறமை இப்படித்தான் முளைவிடுகிறது.

விளம்பரத்தில் வரும் பொம்மையோ பெயர், எதிரி, வசனம் எல்லாவற்றோடும் வருகிறது. விளையாட்டை விளம்பரமே ஆடி முடித்துவிடுகிறது. பிள்ளைக்கு மிச்சம் அதை அப்படியே திரும்பச் செய்வதுதான்.

சரி, பொருளாசை எங்கே நுழைகிறது? கோல்ட்பர்க், கோர்ன் என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலருக்குப் பொம்மை விளம்பரம் காட்டினார்கள், சிலருக்குக் காட்டவில்லை. அப்புறம் கேட்டார்கள்: பொம்மை இல்லாத நல்ல பையனோடு விளையாடுவாயா, பொம்மை வைத்திருக்கும் அவ்வளவு நல்லவனில்லாத பையனோடா? விளம்பரம் பார்க்காதவர்களில் பெரும்பாலோர் நல்ல பையனைச் சொன்னார்கள். பார்த்தவர்களில் பொம்மைக்காரனைக் கேட்டவர்கள் கூடிவிட்டார்கள். சில நிமிட விளம்பரம் நட்பையே இடம் மாற்றிவிட்டது. விளம்பரம் நம்மை வாங்க வைக்கப் பார்க்கிறது என்பது பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதில்தான் புரியத் தொடங்குகிறது. அதற்கு முன் அவர்களுக்கு அது வெறும் செய்தி, அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது நெதர்லாந்தில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. மன நிறைவு குறைந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் பொருளாசை கூடியிருந்தது. ஆனால் விளம்பரம் நிறையப் பார்த்தவர்களிடம் மட்டும்தான் இப்படி. மனசு வாடும்போது அதற்கு மருந்து ஒரு பொருள்தான் என்று விளம்பரம் கற்றுக்கொடுக்கிறது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளையைத்தான் அது சரியாகப் பிடிக்கிறது.

மீளவும் முடிகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பள்ளியில் ஆறு மாதம் டிவி நேரத்தைக் குறைக்கப் பழக்கினார்கள். பிள்ளைகளே சொன்னபடி, அங்கே பொம்மை கேட்பது மற்றப் பள்ளியைவிட வெகுவாகக் குறைந்தது.

இப்போது திருவையாற்றுத் திண்ணையிலும் செல்போனில் ஒரு பிள்ளை பெட்டி பிரித்துப் புதுப் பொம்மை காட்டுகிறது. டிவி விளம்பரத்துக்காவது தொடக்கமும் முடிவும் உண்டு. இதில் விளையாட்டும் விற்பனையும் ஒன்றாக ஓடுகின்றன. வெறுமனே பூட்டி வைப்பதைவிட, விளம்பரத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவது நன்றாக வேலை செய்கிறது என்றும் டச்சு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 'இதைக் காட்ட அவங்க காசு வாங்கியிருக்காங்க, கண்ணு' என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல அப்பத்தாவாலும் முடியும்.