பால் ஜாயின்ட்டுக்கு கிரீஸ் அடிக்கிறதா, மூடியே விட்டுடறதா?

காரோட முன் சக்கரம் மேடு பள்ளத்துக்கு ஏறி இறங்கணும், அதே சமயம் ஸ்டீயரிங்க திருப்புனா திரும்பவும் செய்யணும், நிறைய கார்ல இந்த ரெண்டுக்கும் ஒண்ணா வளைஞ்சு கொடுக்கறது பால் ஜாயின்ட்தான். கிண்ணத்துக்குள்ள ஒரு உருண்டை, உருண்டைல இருந்து நீட்டுற தண்டு, வாயை மூட ரப்பர் பூட், நம்ம இடுப்பு மூட்டு மாதிரியே.

பழைய கார்கள்ல பெரும்பாலும் உருண்டையும் உலோகம், கிண்ணமும் உலோகம். நடுவுல கிரீஸ் படலம் இல்லைனா ஒண்ண ஒண்ணு தின்னுடும், அதுக்குத்தான் நிப்பிள், அதாவது மூட்டுல கிரீஸ் ஏத்துற குட்டி முனை. அதோட நுனியில ஸ்பிரிங் வெச்ச குட்டி குண்டு ஒண்ணு இருக்கும், கிரீஸ் கன் அழுத்துனா உள்ள போய் வழி விடும், எடுத்ததும் மூடிக்கும். புது கிரீஸ் போகப்போக, தண்ணியும் மண்ணும் கலந்து கறுத்துப் போன பழசு பூட் ஓரமா பிதுங்கி வெளிய வரும் பாருங்க, மூட்டைக் காப்பாத்துறதே அந்தக் கழுவல்தான்! 1950கள்ல பல கார்களுக்கு 1,600 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இத செய்யணும்.

சீல்டு வகைல வழவழப்பா மெருகேத்துன உருண்டை பிளாஸ்டிக் கிண்ணத்துல உக்காந்திருக்கும், கிரீஸ் ஃபேக்டரிலயே போட்டு மூடிடுவாங்க, நமக்கு வேலையே இல்ல. ஆனா பூட்ல சின்னதா ஒரு கிழிசல் விழுந்தா போதும், தண்ணியும் மண்ணும் உள்ள போய் தேய்க்கும், வெளிய தள்ள வழி கிடையாது, மாத்தத்தான் வேணும்.

என்னைக் கேட்டா, அடிக்கடி கீழ குனிஞ்சு பாக்குறவங்களுக்கு நிப்பிள் வெச்சதுதான் நல்லது, பாக்கவே மாட்டீங்கன்னா சீல்டு போட்டுக்கோங்க, கிரீஸ் காணாத நிப்பிளால ஒரு பிரயோஜனமும் இல்ல.

நிப்பிள் இருக்கேன்னு கண்ண மூடிட்டு கிரீஸ் அடிச்சுடவும் கூடாது. ட்ரயம்ப் ஹெரால்டுங்கற பழைய பிரிட்டிஷ் கார்ல கீழ்மூட்டு பால் ஜாயின்ட்டே இல்ல, ட்ரன்னியன்னு வெண்கல உறைக்குள்ள மரை போட்ட இரும்புத் தண்டு. அதுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போகணும், கிரீஸ் கெட்டியா நின்னுடும், மரை முழுக்க பரவாது, காய்ஞ்ச இடத்துல துரு பிடிச்சு ஒரு நாள் தண்டு முறியும், சக்கரம் மடங்கிடும்.

கிரீஸ் கன் கொடுக்குற அழுத்தம் ரொம்ப ஜாஸ்திங்கறதால பூட் லேசா உப்புனதும் நிறுத்திடுங்க, இல்லைனா ரப்பர் வெடிச்சுடும். கார் கனம் மூட்டு மேல இருக்கும்போது அழுந்தியிருக்கற பக்கம் கிரீஸ் போறது கஷ்டம், அதனால ஜாக்கி வெச்சு தூக்கி, ஸ்டாண்டுல நிறுத்தி, சக்கரத்த ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அடிங்க.