ரெஸ்யூமேயை இழுத்து எழுதினால் எம்பிஏ எஸ்ஸே ஆகிவிடாது

அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களில் முதல் சுற்று விண்ணப்பத்துக்கான கடைசித் தேதிகள் பெரும்பாலும் செப்டம்பரில். விண்ணப்பத்தோடு தரவேண்டிய கட்டுரைதான் எஸ்ஸே. ஆகஸ்டில் திருத்தச் சொல்லி என்னிடம் வரும் எஸ்ஸேக்களில் வருடா வருடம் அதே கோளாறு: ஆன்சைட் போனது, புரமோஷன், விருது என்று ரெஸ்யூமே அப்படியே பத்தி பத்தியாக நீண்டிருக்கிறது.

ரெஸ்யூமே ஏற்கெனவே அட்மிஷன் கமிட்டியின் கையில் இருக்கிறதே! அதையே ஏன் மறுபடி படிக்க வைக்கிறீர்கள்? நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பீர்கள், எதற்காக எடுப்பீர்கள் என்பது அதில் தெரியாது. அதற்காகத்தான் எஸ்ஸே கேட்கிறார்கள்.

ஸ்டான்ஃபோர்டு கேட்பது, உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்று. வருகிற பதில்களில் 'எது' பக்கம் பக்கமாக இருக்கும், 'ஏன்' கடைசி இரண்டு வரியில் முடங்கிவிடும். ஹார்வர்டு 2024-இல் 900 சொல் எஸ்ஸேயைக் கைவிட்டு 300, 250, 250 சொற்களில் மூன்றாக்கியது. 250 சொல்லில் நான்கு சாதனைகளைத் திணித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே சம்பவம் போதும். சூழலுக்கு 50 சொல், நீங்கள் செய்ததற்கு 130, மிச்சம் விளைவுக்கும் கற்றதற்கும்.

"எங்கள் டீம் கிளைம் செட்டில்மென்ட் நேரத்தை 40 சதவீதம் குறைத்தது." இதில் நீங்கள் எங்கே? "ரிலீஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிழை தெரிந்தது. தேதியைத் தள்ளக் கேட்க மேனேஜர் தயங்கினார். பிழையால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டு, கிளையன்டிடம் நானே பேசினேன்." இப்போது ஆள் தெரிகிறார். 'நான்' என்று எழுத நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். தற்பெருமை வேறு, செய்ததைச் சொல்வது வேறு.

கல்லூரியின் பெயரை மாற்றினாலும் பொருந்துகிற பத்தியை வெட்டி எறியுங்கள். வெப்சைட்டிலிருந்து பேராசிரியர் பெயர்களை அள்ளிப் போடாதீர்கள். 'உலகளாவிய தலைவர் ஆவேன்' என்பதெல்லாம் இலக்கே இல்லை. எந்தத் துறை, என்ன பதவி என்று எழுதுங்கள். சிபாரிசுக் கடிதம் எழுதுபவரிடம் எந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிவையுங்கள். இரண்டும் முரண்பட்டால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

தயவுசெய்து காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். ஹார்வர்டில் நேர்காணல் செய்பவர் உங்கள் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டுத்தான் வருவார். அடுத்தவர் எழுதிய சம்பவத்தில் அவர் மூன்றாவது கேள்வி கேட்கும்போது சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.