தறிச் சத்தத்துக்குக் காது பழகுமா?

குமாரபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பா இருபது வருஷமா விசைத்தறி ஓட்டுறார். ஆரம்பத்துல தலையே வலிக்குமாம். இப்போ சத்தமே தெரியலைங்கிறார். காது நிஜமாவே பழகிடுமா?"

படித்ததும் என் பெரியப்பா ஞாபகம் வந்தது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர். "பட்டு எடுக்கணும் பெரியப்பா" என்றால், "பத்து எதுக்கு?" என்பார். குரலை உயர்த்திச் சொன்னால் கோபம் வந்துவிடும். "ஏன் கத்தறே? கேக்குது, புரியலை!" அந்தக் கோபத்துக்குக் காரணம் காதுக்குள்ளேயே இருந்தது.

விசைத்தறியில் ஊடுநூலைச் சுமந்து போகும் நாடாவை நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடித்து விரட்டுகிறது இயந்திரம். ஒரே கூரையின் கீழ் பத்துத் தறி ஓடினால் சத்தம் 95 டெசிபலைத் தாண்டிவிடும். டெசிபல் கணக்கு ஏமாற்றக்கூடியது. 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். 85-க்கும் 100-க்கும் இடையே சுமார் 32 மடங்கு.

செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதற்கு அப்புறம், நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குப் போவோம். விரித்தால் மூன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. உள்வரிசையில் இருக்கும் 3,500 செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மற்றவை? அவை ஆடுகின்றன!

ஒலி அலை வந்து செல்லின் தலையில் உள்ள நுண்மயிர்களைச் சாய்க்கும்போது பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்ந்து மின்னழுத்தம் மாறும். வெளிவரிசைச் செல்களின் சுவரில் பிரெஸ்டின் என்ற புரதம் நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. அமெரிக்காவில் பீட்டர் டல்லோஸின் ஆய்வுக்குழு 2000-இல் அதை அடையாளம் கண்டது. மின்னழுத்தம் மாறினால் பிரெஸ்டின் சுருங்கி விரியும், கூடவே முழுச் செல்லும் குட்டையாகி நீளும். ஒலியின் தாளத்துக்கே, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. நம் உடம்பில் எந்தத் தசைக்கும் இந்த வேகம் கிடையாது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் உந்திவிடுவது போல, மெல்லிய அதிர்வை நூறு மடங்கு வரை பெருக்கித் தருகிறது இந்த ஆட்டம். அதில் கொஞ்சம் காதிலிருந்து வெளியேயும் கசியும். 1978-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் கெம்ப் காதுத் துளையில் சின்ன மைக் வைத்து அந்த ஒலியைப் பிடித்தார். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இன்று அதை வைத்தும் சோதிக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆடுகிற செல்லுக்கு ஓய்வு வேண்டும். நாள் முழுக்க இரைச்சல் என்றால் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே சேர்ந்து செல்லைக் கொல்கின்றன. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 4000 அதிர்வு, பக்கம்தான் முதல் அடி விழும். ட, த, ச போன்ற மெய்களைப் பிரித்துக்காட்டும் நுட்பமான ஒலிகள் அந்த உயர்ந்த சுருதிகளில் இருக்கின்றன. உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் தப்பித்துக்கொள்ளும். பெரியப்பாவுக்குப் பட்டு பத்தானது இப்படித்தான். பெருக்கித் தரும் செல் போனதால் மெல்லிய ஒலி மறைந்துவிட்டது, பலத்த ஒலி மட்டும் பழைய பலத்தோடே போய்த் தாக்கியது. நாங்கள் கத்தியது அவருக்கு வலித்திருக்கிறது.

"பழகிடுச்சு" என்பதில் பாதி, ஓயாத சத்தத்தை மூளை ஒதுக்கிவைப்பது. மீதி, செத்துப்போன செல்கள். கோழிக்குஞ்சுக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. காய்ச்சின எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் போகாது, தயவுசெய்து விடாதீர்கள். கழிவுப் பஞ்சை அடைத்துக்கொள்வதாலும் பெரிய பயனில்லை. நுரை அடைப்பானை உருட்டி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து ஆழமாகச் செருக வேண்டும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரைச்சல் செவிட்டைத் தொழில்நோய் என்றே பட்டியலிட்டது. ஆனால் சின்னத் தறிக்கூடங்கள் பல அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வந்ததே இல்லை. தறி ஓடும் ஊர்களுக்கெல்லாம் காது பரிசோதனை வண்டி அனுப்ப அரசு பணம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்பேன்.

வாசகிக்கு: அப்பாவை விடுமுறைக்கு மறுநாள் காலை, தறிக்குப் போவதற்கு முன்பே, ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுக்க அழைத்துப் போங்கள். வேலை நாள் சத்தத்தில் களைத்த செல்கள் அதற்குள் கொஞ்சம் தேறியிருக்கும். வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸில் சட்டென்று இறங்கி 8000-இல் மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு பள்ளம் இருந்தால், அது பெரும்பாலும் தறி தோண்டியதுதான்.