பத்து நிமிடம் செல்லும் சீட்டு

ஆத்தூர் அருகே ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்குப் பார்க்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர்களுடைய ஆலைக்கென்றே தனியாக எழுதி வாங்கிய மென்பொருள் ஒன்று இருக்கிறது. கிழங்கு லாரி எடைமேடையை விட்டு இறங்கியதும் எடைச்சீட்டையும், மாவுச்சத்துப் பாயிண்ட் எழுதிய துண்டுக் காகிதத்தையும் கைபேசியில் படம் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். பின்னர் கணக்கில் அந்த வரியைத் தட்டினால் படம் திறந்துகொள்கிறது. விற்பனை பில்களும் அவ்வாறே. ஒரு நாள் ஸ்டார்ச் விற்ற பில்லைத் திறந்து, உலாவியின் மேல்பட்டையில் தெரிந்த இணைப்பை அப்படியே எடுத்துச் சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாராம். வியாபாரி சாப்பிட்டுவிட்டு வந்து தட்டியபோது, அனுமதி இல்லை, காலாவதியாகிவிட்டது என்ற செய்தி வந்தது. மென்பொருளிலோ அதே பில் எப்போது தட்டினாலும் திறக்கிறது. "பில் இருக்கிறதா, அழிந்துவிட்டதா?" என்பது அவருடைய கேள்வி.

பில் பத்திரமாக இருக்கிறது. அவர் வியாபாரிக்கு அனுப்பியது பில் அன்று. பில்லைப் பார்ப்பதற்கான சீட்டு.

மேகச் சேமிப்பு என்றால் வேறொருவர் கட்டடத்தில் இருக்கும் வட்டுகள் என்பதைப் பலரும் எழுதிவிட்டதால் அதை விரைவாகக் கடந்துவிடலாம். அமேசான் நிறுவனம் தன் எஸ்3 கிடங்கை 2006 மார்ச் மாதம் வாடகைக்குத் திறந்தது. அதன் மும்பை மையம் 2016இலும் ஐதராபாத் மையம் 2022இலும் செயல்படத் தொடங்கின. மைக்ரோசாஃப்டின் மையம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. ஆலையின் மென்பொருள் தன்னிடம் வைத்திருப்பது லாரி எண், தேதி, விவசாயியின் பெயர், நிகர எடை, அத்துடன் அந்தப் படம் கிடங்கில் எந்தப் பெயரில் கிடக்கிறது என்ற குறிப்பு ஆகியவை அடங்கிய ஒரு வரியை மட்டுமே. படத்தின் உடல் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கனமான படங்களையெல்லாம் கணக்குப் பதிவேட்டுக்குள்ளேயே திணித்தால் பதிவேடு ஊதிப்போய் நகலெடுப்பதற்கே இரவெல்லாம் ஆகும் என்பதால்தான் இந்தப் பிரிவினை.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. மும்பைக் கிடங்கின் சாவியை ஆலையில் உள்ள முப்பது கைபேசிகளிலும் வைத்தால் அது சாவியாக இருக்காது. ஒரு கைபேசி தொலைந்தாலும் கிடங்கு முழுவதும் திறந்து கிடக்கும். சாவியை ஆலையின் மையக் கணினியில் மட்டும் வைத்துப் படங்களையெல்லாம் அதன் வழியாகவே இழுத்துக் கொடுத்தால், அந்த ஒரு கணினி மூச்சு வாங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் சீட்டு: சாவி மையக் கணினியிலேயே இருக்கும், யாராவது பில்லைக் கேட்டால், "இந்தக் கோப்பை, இன்ன நேரத்திலிருந்து பத்து நிமிடம் வரை, கொண்டுவருபவருக்குக் காட்டலாம்" என்று எழுதிக் கையொப்பமிட்டு அது கொடுத்துவிடும், கைபேசி அந்தச் சீட்டோடு நேரே மும்பைக்குப் போய்ப் படத்தை வாங்கிக்கொள்ளும். வாசகர் மேல்பட்டையில் பார்த்த நீண்ட இணைப்பு முழுவதும் இந்தச் சீட்டின் வாசகமே. அதன் கடைசியில் தொங்கும் 64 எழுத்துகள்தாம் கையொப்பம்.

இதே போன்ற 64 எழுத்துகளை வாசகர் வேறோரிடத்தில் ஏற்கெனவே பார்த்திருப்பார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல் எடுக்க வேண்டிய மின்-விலைப்பட்டியலின் தலையில் ஐ.ஆர்.என். என்று ஒரு நீண்ட எண் அச்சாகிறது அல்லவா? விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, பில் எண் ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, எஸ்.எச்.ஏ.-256 என்ற ஹேஷ் முறையில் (எவ்வளவு நீளமான தகவலையும் ஒரே நீள விடையாக்கும் கணக்கு அது) அரைத்துக் கிடைக்கும் 256 பிட்டுகளே, அதாவது 0 அல்லது 1 என்ற 256 இலக்கங்களே, எழுத்துக்கு நான்காக அந்த 64 எழுத்துகளில் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கை எவ்வளவு கொட்டினாலும் அரவை இயந்திரத்திலிருந்து கிழங்கைத் திரும்பப் பெற முடியாது என்பது போல, ஹேஷிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் ஒரே மூலத்தைக் கொடுத்தால் எப்போதும் ஒரே விடை வரும். ஓர் எழுத்து மாறினாலும் 256 பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி புரண்டுவிடும். ஒரே பில் எண்ணை ஒரே ஆண்டில் இருமுறை ஏற்ற முயன்றால் அரசுத் தளம் பிடித்துவிடுவது இதனால்தான்.

ஐ.ஆர்.என்.னில் ரகசியம் எதுவும் இல்லை. அந்த நான்கு விவரங்களும் தெரிந்த எவரும் அதைக் கணக்கிடலாம். சீட்டுக்கு அது போதாது. அதனுள் ஒரு ரகசியத்தைக் கலக்க வேண்டும். எப்படிக் கலப்பது என்பதில்தான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இருக்கிறது. ஒரு பொம்மைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேனாவும் காகிதமும் போதும்.

நம் ரகசிய எண் 17. எடை 1845 கிலோ. விதி இதுதான்: கையில் உள்ள எண்ணை 31ஆல் பெருக்கி, அடுத்த இலக்கத்தைக் கூட்டி, 97ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 17ஐ 31ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் 528, மீதி 43. அடுத்த இலக்கம் 8, மீதி 80. அடுத்து 4, மீதி 59. கடைசியில் 5; மீதி 88. ஆக 1845க்குக் கையொப்பம் 88. எடையை எவராவது 1945 என்று திருத்தினால் கையொப்பம் 79 ஆக வேண்டும். எடையைத் தொடாமல் ரகசியத்தை மட்டும் 18 என்று தவறாக ஊகித்தால் 72 வரும். ரகசியம் தெரியாதவர் சரியான எண்ணை எழுத முடியாது என்று நமக்கு ஒரு நிம்மதி வருகிறது.

அந்த நிம்மதி பொய். நான் 17 என்ற எண்ணை அறியாத திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கையில் 1845 என்ற சீட்டும் 88 என்ற கையொப்பமும் மட்டுமே இருக்கின்றன. எடைக்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்க்கிறேன். 88ஐ 31ஆல் பெருக்கி 0ஐக் கூட்டி 97ஆல் வகுக்கிறேன், மீதி 12. ஒரு டெம்போ பாரம் ஒரு லாரி பாரமாகிவிட்டது. 18450க்கு 12 என்பது செல்லுபடியாகும் கையொப்பம். வேண்டுமானால் 17இலிருந்து தொடங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன், அவ்வளவுதான். இது பொம்மையின் குறை மட்டுமன்று. எஸ்.எச்.ஏ.-256உம் மூலத்தைத் துண்டு துண்டாக உண்டு, ஒவ்வொரு துண்டின் விடையையும் அடுத்த துண்டோடு கலந்துகொண்டே போவதால், ரகசியத்தை முன்னால் வைத்து வெறுமனே அரைத்தால் அதிலும் இதே ஓட்டை இருக்கிறது.

பெல்லாரே, கனெட்டி, கிராவ்சிக் என்ற மூவர் 1996இல் முன்வைத்த எச்மேக் என்னும் முறை இந்த ஓட்டையை அடைக்கிறது. வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: வந்த விடையை வெளியே காட்டாமல், அதையே புதிய மூலமாக வைத்து, ரகசியத்தோடு சேர்த்து மறுபடி ஒருமுறை அரைக்க வேண்டும். நம் பொம்மையில் 88ஐ மறைத்துக்கொண்டு, மீண்டும் 17இலிருந்து தொடங்கி 8, 8 என்று ஓட்டினால் 50 வழியாக 6 வருகிறது. சீட்டில் 6 மட்டுமே தெரியும். பூஜ்யம் சேர்க்க வேண்டுமென்றால் திருடனுக்கு 88 வேண்டும். அது உள்ளே மூடிக் கிடக்கிறது. உண்மையான முறையில் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் ரகசியத்தைச் சற்று வேறுவேறாகத் திருகிப் பயன்படுத்துவார்கள்; விடையும் 97க்குள் அடங்காது, 78 இலக்கம் வரை நீளும். அமேசான் இன்னும் ஒரு படி மேலே போய், ரகசியச் சாவியை நேரே தொடாமல், அன்றைய தேதி, மையத்தின் பெயர், சேவையின் பெயர் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அதனோடு இதே முறையில் அரைத்து, நாளுக்கொரு சாவி செய்து அதைக் கொண்டே கையொப்பமிடச் சொல்கிறது.

மும்பைக் கிடங்கு, மையக் கணினி எழுதிக் கொடுத்த சீட்டுகளுக்குப் பேரேடு எதுவும் வைத்திருப்பதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சீட்டு வந்ததும் தன்னிடமுள்ள அதே ரகசியத்தைக் கொண்டு கணக்கை மறுபடி போடுகிறது. விடை ஒத்துப்போய், நேரமும் மிச்சமிருந்தால் படத்தைக் கொடுக்கிறது. சீட்டில் 600 விநாடி என்பதை 6000 என்று திருத்தினால் கையொப்பம் பொருந்தாது. இந்த முறையில் ஒரு சீட்டுக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச ஆயுள் 7 நாள்.

வாசகரின் சீட்டுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் போலும். மென்பொருள் ஒவ்வொரு தட்டலுக்கும் புதுச் சீட்டு எழுதுவதால் அங்கே பில் எப்போதும் திறக்கிறது. வியாபாரிக்குப் பில் வேண்டுமென்றால் அதை பி.டி.எஃப். ஆக இறக்கி அனுப்புவதே முறை. சீட்டில் பெயர் எழுதப்படுவதில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் யார் தட்டியிருந்தாலும் திறந்திருக்கும். இப்படிப் புகார் வருகிறதே என்று சலித்துக்கொண்டு, கிடங்கையே எல்லோருக்கும் திறந்துவிடும் மென்பொருள்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். கதவு இறுக்கமாக இருக்கிறது என்று கதவையே கழற்றி வைப்பது அது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து கேட்பவர்களுக்கும் ஒரு சொல். படத்தை ஏற்றுவதற்கும் இதே போன்ற சீட்டுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மூடுபனியில் சிக்னல் அறுந்து மறுபடி வருவதற்குள் பத்து நிமிடம் கடந்துவிட்டால் பழைய சீட்டு மறுக்கப்படும். மென்பொருள் தானாகவே புதுச் சீட்டு கேட்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சீட்டு எழுதும் கணினியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் எந்த ஆவணமும் திறக்கவில்லை என்று, கணினிக்கு யாருடைய கண்ணோ பட்டுவிட்டதாக எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த சிறு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. அது எழுதிய ஒவ்வொரு சீட்டும் பிறக்கும்போதே காலாவதியாகியிருந்தது. பேட்டரியை மாற்றினோம். எலுமிச்சையை அவிழ்க்க மட்டும் அவர்கள் சம்மதிக்கவில்லை.

பாரதிய சாட்சிய அதினியம் என்னும் புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டும்போது அதனோடு கொடுக்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். அந்தப் படிவத்தில் எஸ்.எச்.ஏ.-256உடன் எஸ்.எச்.ஏ.-1, எம்.டி.5 ஆகியவற்றுக்கும் கட்டம் போட்டிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒரே எஸ்.எச்.ஏ.-1 மதிப்பு கொண்ட இரு வேறு பி.டி.எஃப். கோப்புகளை 2017இல் செய்து காட்டிவிட்டார்கள், எம்.டி.5 அதற்கும் முன்னரே, 2004இல், உடைந்துவிட்டது. அந்த 2017ஆம் ஆண்டு வேலையில் கூகுளோடு கைகோத்தது நெதர்லாந்து நாட்டின் தேசியக் கணித ஆய்வு நிலையம். உடனடிப் பயன் என்னவென்று கேட்காமல் கணிதக்காரர்களுக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்ததால் அவர்களுக்கு அது முடிந்தது. நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் மேகச் சேவையின் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்பிக்கிறார்கள். மேலே போட்ட 97இன் கணக்கைக் கற்பிப்பவர்கள் குறைவு.

வாசகர் கடிதத்தின் அடியில் இன்னொரு சந்தேகமும் கேட்டிருந்தார். காலை 10.40க்குத் திறந்த பில்லின் இணைப்பில் நேரம் 0510 என்று தொடங்குகிறதே, அதனால்தான் காலாவதியானதா என்று. இல்லை. அந்த நேரத்தின் முடிவில் நிற்கும் இசட் என்ற எழுத்து அது கிரீன்விச் நேரம் என்பதைக் குறிக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.