சரிவில் ஏன் நண்டு நடை?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் தெருவில் முழங்காலுக்கு மேலே ஒரு காலை இழந்தவர் ஒருவர் இருக்கிறாராம். செயற்கைக் கால் அணிந்து சமதரையில் விறுவிறுவென்று நடப்பவர், பாலத்துச் சரிவு வந்தால் மட்டும் நண்டைப் போலப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு இறங்குகிறாராம். பயமா, பழக்கமா என்பது கேள்வி. இரண்டும் இல்லை, அது வடிவியல். அந்த வடிவியலை ஆயிரக்கணக்கானோரின் உடம்புக்குக் கற்றுக்கொடுத்த மருத்துவமனை ஒன்று உண்டு.

லண்டனின் தென்மேற்கே ரோஹாம்ப்டனில் இருக்கிறது குயின் மேரி மருத்துவமனை. 1915இல் மேரி எலினார் குவின் ஹோல்ஃபோர்ட் என்ற சீமாட்டி, போரில் இரு கைகளையும் இழந்த சிப்பாய் ஒருவரைப் பார்த்து மனம் கலங்கி, இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முனைந்தார். அரசி மேரியின் ஆதரவு கிடைத்தது, பழைய மாளிகை ஒன்று மருத்துவமனையானது. முதல் உலகப் போரில் கை கால் இழந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் சுமார் 41,000 பேர், அதில் பெரும்பாலோருக்குப் போனது கால். மருத்துவமனை வளாகத்திலேயே கால் செய்யும் பட்டறைகள் வந்தன. தொடக்கத்தில் மரக்கால்தான், கிரிக்கெட் மட்டைக்கு ஆகும் அதே வில்லோ மரம். பிறகு, 1913இல் விபத்தில் கால் இழந்த விமானி மார்செல் டெசூட்டருக்காக அவருடைய சகோதரர் விமான உலோகமான டூரலுமினில் செய்த கால் வழிகாட்டியது. எடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1931இல் இரு கால்களையும் இழந்த விமானி டக்ளஸ் பேடர் ரோஹாம்ப்டனில் உலோகக் கால்கள் பெற்று, இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானமே ஓட்டினார்.

எடை குறைந்தது சரி. ஆனால் அந்தக் காலின் முழங்காலில் தசை என்று ஒன்று கிடையாது. இருப்பது கதவுக் கீலைப் போன்ற ஓர் அச்சு, அவ்வளவுதான். அறுபது, எழுபது கிலோ மனிதர் அதன்மேல் ஏறி நிற்கும்போது ஏன் அது மடங்கிவிடுவதில்லை?

எழுந்து நில்லுங்கள். கால்களைத் தளர்த்தி நேராக நின்றபடி, குனியாமல், வேறொருவரை உங்கள் முழங்கால் சில்லைத் தொட்டு அசைக்கச் சொல்லுங்கள். இடமும் வலமும் நகரும். அதாவது தொடையின் முன்தசை அப்போது வேலையே செய்யவில்லை! இப்போது முழங்காலைச் சற்று மடக்குங்கள். சில்லு இறுகிவிடும், தசை விறைத்துக்கொள்ளும். நேராக நிற்கும்போது உடல் எடையின் கோடு முழங்கால் அச்சுக்குச் சற்று முன்னால் விழுகிறது. எடை மூட்டைப் பின்பக்கமாக நீட்டவே பார்க்கிறது, நேரானபின் அதற்குமேல் அந்தப் பக்கம் வளைய வழியில்லாததால் மூட்டு தானே பூட்டிக்கொள்கிறது. பள்ளியில் பிரார்த்தனை வரிசையில் பின்னால் நிற்கும் பையன் தன் முழங்காலால் நம் முழங்காலின் பின்பக்கத்தை இடித்து நம்மைச் சரியவிடுவானே, அவன் செய்தது அச்சைத் தள்ளி அந்தக் கோட்டுக்கு முன்னால் கொண்டுபோனதுதான். பூட்டு திறந்துவிட்டது.

செயற்கைக் கால் செய்பவரின் வித்தை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு இழுத்து, முழங்கால் அச்சை அதற்குச் சற்றே பின்னால் வைக்கிறார். அதிகம் பின்னால் போனால் கால் கம்பம் போல நிற்கும், அடி எடுத்து வைக்க மடக்கவே முடியாது. முன்னால் வந்துவிட்டால் ஆள் தரையில். மிச்சத்தை நடப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குதிகால் தரையைத் தொடும் கணம்தான் ஆபத்தானது, விசை அப்போது முழங்காலுக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கணத்தில் எஞ்சிய தொடையைப் புட்டத் தசையால் பின்னுக்கு அழுத்தி மூட்டைப் பூட்டிக்கொள்ள வேண்டும். காலைக் கொடுத்தால் போதாது, நடக்கவும் சொல்லித்தர வேண்டும் என்று ரோஹாம்ப்டன் கண்டுகொண்டதை அதன் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

தரையை விட்டு எழும்பியதும் கீழ்க்கால் ஓர் ஊசல். தொடையை முன்னே வீசினால் அது தானாக ஆடி முன்னால் வரும். ஊசலுக்கு ஒரே தாளம்தான் தெரியும், அவசரமாக நடந்தால் கீழ்க்கால் பின்தங்கிவிடும். அதற்காக மூட்டில் உராய்வு சேர்த்தார்கள், பிறகு எண்ணெய் உருளைகள் வைத்தார்கள்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். ஆலையிலும் ரயில் பாதையிலும் கால் இழந்த தொழிலாளிகள் 1915க்கு முன்பும் பிரிட்டனில் இருந்தார்கள். அவர்களுக்காக யாரும் மாளிகையைத் திறந்துவிடவில்லை. இன்று அங்கே கால் எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாலும் ரத்தக்குழாய் அடைப்பாலும் அந்த நிலைக்கு வந்தவர்கள். பாதத்தில் வந்த சிறு புண்ணுக்கு அணிவகுப்பும் பதக்கமும் கிடையாது, ஆகவே ஆராய்ச்சிப் பணம் அந்தப் பக்கம் மெதுவாகத்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

சரிவுக்கு வருவோம். சாதாரணச் செயற்கைக் காலில் கணுக்கால் விறைப்பானது. இறக்கத்தில் பாதத்தைப் பதித்தால் பாதத்தோடு கீழ்க்காலும் முன்பக்கம் சாயும், முழங்கால் அச்சு கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிடும். பிரார்த்தனை வரிசைப் பையனின் வேலையைச் சரிவே செய்துவிடுகிறது. பக்கவாட்டில் திரும்பி நின்றால் குதிகாலும் விரல்களும் ஒரே மட்டத்தில் இருக்கும், பூட்டு கெடாது. 1997இல் வந்த ‘சி லெக்’ போன்ற கணினி முழங்கால்கள் நொடிக்கு 50 முறை விசையை அளந்து, மடங்கும் வேகத்தை எண்ணெயால் தடுக்கின்றன. அதை அணிந்தவர் நேராகவே இறங்கலாம். விலைதான் தலைசுற்ற வைக்கும்.

உங்கள் தெருக்காரர் அடுத்த முறை இறங்கும்போது கவனியுங்கள். கீழே முதலில் வைப்பது அநேகமாகச் செயற்கைக் காலாகத்தான் இருக்கும். உடம்பை மெல்லத் தாழ்த்துவது மேலே நிற்கும் நல்ல காலின் தொடைத்தசை. அந்த வேலைக்குத் தசை வேண்டும், கீல் போதாது.